மருத்துவமனை ஆய்வில் நோயாளிக்கும் வேலை கொடுங்கள்: கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

வணக்கம்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளைச் சேர்ந்த நோயாளிகள், வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இந்த மாவட்டத்தில் நடக்கும் பதிவு, புதுப்பிப்பு, நேராய்வு, புகார் விசாரணை எல்லாவற்றிலும் நோயாளிகளுக்கும் பொதுமக்களுக்கும் வேலை கொடுங்கள். அவர்கள் எழுதிக் கொடுப்பதற்கு 30 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்வதை அலுவலகத்தின் கடமையாக ஆக்குங்கள்.

இந்தச் சட்டம் 1997இல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018இல்தான் வந்தன. அதே ஆண்டுத் திருத்தத்தால் அரசு மருத்துவமனைகளும் சட்டத்துக்குள் வந்தன. இன்று அலோபதி, சித்தா, ஆயுர்வேதம், பல் மருத்துவம், லேப், ஸ்கேன் சென்டர் என்று எதை நடத்தினாலும் பதிவுச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் போடுவது நிறுவனம். சரிபார்ப்பது இணை இயக்குநர் அலுவலகம். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அந்தச் சுவருக்குள் படுத்துக் கிடப்பவரிடம் இந்த வரிசையில் எந்த இடத்திலும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேட்டால் என்ன கிடைக்கும்? ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒரு பகல் வருகிறார். அன்று தரை துடைத்திருக்கும், டிரேயில் மருந்து நிரம்பியிருக்கும், பதிவேடுகள் மேசையில் அடுக்கியிருக்கும். நோயாளிக்குத் துணையாகக் கூட நிற்கிறவர் இரவும் பகலும் அங்கேயே இருக்கிறார். பத்து மணிக்கு மேல் டூட்டி டாக்டர் வார்டுக்கு வந்தாரா, இல்லை போனிலேயே மருந்து சொன்னாரா என்பது அவருக்குத் தெரியும். ஒரே நர்ஸ் எத்தனை கட்டிலைப் பார்த்தார், டிரிப் தீர்ந்தபின் எத்தனை முறை போய்க் கூப்பிட வேண்டியிருந்தது, கையெழுத்து வாங்கிய தாளை யாராவது வாசித்துக் காட்டினார்களா என்பதும் தெரியும். இதில் எதுவும் பதிவேட்டில் இராது. சிகிச்சை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நோயாளியால் முடியாது; அதை நாங்கள் கேட்கவும் இல்லை. நடந்தது என்ன என்பதற்கு அவரைவிட நெருக்கமான சாட்சி கிடையாது.

2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டிக் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசே லாரி கொண்டுவந்து அள்ளிப்போக வேண்டியதாயிற்று. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இலேயே இருக்கின்றன. பைக்கு பார்கோடு உண்டு, சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு உண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உண்டு. இத்தனையும் இருந்தும் கழிவு மாநில எல்லை தாண்டி ஊருக்குள் வந்து சேர்ந்தது. களியக்காவிளை வழியாகப் போகும் வண்டிகளைத் தினமும் பார்க்கிற நம் மாவட்டத்துக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. அந்தந்த இடத்தில் வாழ்கிறவர்களின் கண்ணைக் கண்காணிப்பு முறைக்குள் சேர்த்துக்கொள்ளாதவரை எவ்வளவு நல்ல விதியும் பாதி வேலைதான் செய்யும்.

நாங்கள் கேட்பது நம் சட்டங்களுக்குப் புதிதல்ல. மூன்று இடத்தில் வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது.

முதலாவது, கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம். ஸ்கேன் மையங்களுக்கு அனுமதி தரும் அதிகாரிக்கு உதவும் ஆலோசனைக் குழுவில் மூன்று மருத்துவ வல்லுநர்களோடு மூன்று சமூகப் பணியாளர்களும் இருக்க வேண்டும்; அந்த மூவரில் ஒருவராவது பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே 60 நாளுக்கு மேல் போகக் கூடாது. அதிகாரி நடவடிக்கை எடுக்காவிட்டால், 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனே நீதிமன்றத்தில் புகார் தரலாம்.

இரண்டாவது, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் மறுஆய்வு வாரியத்தில் நீதிபதி, ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர் ஆகியோருக்குப் பக்கத்தில் இரண்டு இடங்கள் மனநோய் உள்ளவர்களுக்கோ, அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ, அவர்களுக்காகப் பாடுபடும் அமைப்பினருக்கோ உரியவை. முடிவெடுக்கும் வாரியம் அது. மற்றவர்களுக்கு உள்ள அதே வாக்கு அந்த இருவருக்கும் உண்டு.

மூன்றாவது, தாய் இறப்பு மறுஆய்வு. ஆட்சியர் நடத்தும் கூட்டத்துக்கு, சிகிச்சையின்போது அந்தத் தாயோடு இருந்த உறவினர்கள் அழைக்கப்படுகிறார்கள். அவர்கள்தான் முதலில் பேசுகிறார்கள்: எப்போது வலி வந்தது, எந்த வண்டியில் போனார்கள், எங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று. அவர்கள் போனபின் மருத்துவர்கள் தங்களுக்குள் அலசுகிறார்கள். உறவினர் மனம் நோகாமல், மருத்துவர் மானம் போகாமல் உண்மையை வெளிக்கொண்டுவரும் ஏற்பாடு இது. பிரசவத்துக்குச் செய்வதை அறுவை சிகிச்சைக்கும், அவசர சிகிச்சைக்கும், டயாலிசிஸுக்கும் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் மாநிலக் கவுன்சிலில் நுகர்வோர் அமைப்பு அல்லது சுகாதாரத் துறையில் பணியாற்றும் தொண்டு அமைப்புகளுக்கு இரண்டு இடம் ஒதுக்குகிறது. தமிழ்நாடு தன் சொந்தச் சட்டத்தையே வைத்துக்கொண்டிருப்பதால் அந்த இரண்டு இடமும் நமக்கு இல்லாமல் போயின. வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம். பிரிட்டனில் மருத்துவர்களைப் பதிவு செய்யவும் நீக்கவும் அதிகாரம் கொண்ட பொது மருத்துவக் கவுன்சிலின் 12 உறுப்பினர்களில் 6 பேர் மருத்துவர் அல்லாதவர்கள். அதனால் அங்கே மருத்துவத் தொழிலின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

நம் மாவட்டத்துக்கே இதில் அனுபவம் உண்டு. 2007இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பை முன்னோட்டமாகத் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த ஐந்து மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. ஊர்க் குழுக்கள் துணை சுகாதார நிலையத்தின் சேவைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டை போட்டன. எழுதப் படிக்க அதிகம் தெரியாதவரும் புரிந்துகொள்ளும் அருமையான முறை. குறை இரண்டு இருந்தன. அது அரசு சேவையை மட்டுமே பார்த்தது. தனியாரை நம்பி இவ்வளவு பேர் இருக்கும் மாவட்டத்தில் பாதிப் படம்தான் தெரிந்தது. திட்டமாக வந்ததால் திட்டமாகவே முடிந்தும் போனது. சட்டத்தோடோ அலுவலக ஆணையோடோ கட்டாத எதற்கும் அதுதான் நடக்கும். இப்போதைய மாவட்டச் சுகாதாரப் பேரவை நல்லதுதான், ஆனால் அது திட்டமிடும் இடம். புதிய கட்டிடம், கூடுதல் மருத்துவர், ஆம்புலன்ஸ் என்று கேட்கலாம். ஒரு குறிப்பிட்ட நிறுவனம் விதிப்படி நடக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. நோயாளர் நலச் சங்கங்களோ அந்தந்த அரசு மருத்துவமனையின் நிதிச் செலவோடு நின்றுவிடுகின்றன.

இனி, எப்படிச் செய்வது என்பதைச் சொல்கிறோம். ஆள் தேர்வில்தான் இது பிழைப்பதும் சாவதும். அரசியல் கட்சியின் சிபாரிசில் வந்த உறுப்பினர், எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், எதுவும் கேட்கமாட்டார். எல்லாக் குழுவிலும் ஏற்கெனவே இருக்கும் அதே நான்கு பெயர்களும் உதவாது. ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களுக்கும் தலா இருவர், நாகர்கோவில் மாநகராட்சிக்கு நால்வர், ஆக 22 மக்கள் பார்வையாளர்கள் போதும். அறிவிப்பைக் கிராம சபையில் வாசியுங்கள். ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டுங்கள். மருத்துவமனை, லேப், மருந்துக்கடை ஆகியவற்றில் பங்கோ வேலையோ உள்ளவர்கள், அவர்களின் நெருங்கிய உறவினர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள், மருத்துவ வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் ஆகியோரை விலக்குங்கள். தகுதியுள்ள விண்ணப்பங்களை ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் போடுங்கள். குலுக்கலில் வந்தவருக்கு யாருக்கும் நன்றிக்கடன் கிடையாது. பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். கடற்கரை ஊர்களுக்கு மூன்று இடமும், பேச்சிப்பாறை மலைப்பகுதிக் காணிப் பழங்குடி மக்களுக்கு ஓர் இடமும், மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு இடமும், டயாலிசிஸோ காசநோய் சிகிச்சையோ போல நீண்டகால மருத்துவத்தில் இருப்பவருக்கு ஓர் இடமும் இந்த 22க்குள் உறுதியாக வேண்டும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. ஆண்டுதோறும் பாதிப் பேர் மாற வேண்டும். அப்போதுதான் பழகியவர் புதியவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்.

கூலியை மறந்துவிடக் கூடாது. முந்திரி ஆலைக்குப் போகும் பெண், ரப்பர் பால் வெட்டுபவர், மீன் விற்கப் போகும் அம்மா ஆகியோர் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் வருமானம் போகும். அந்த நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் அன்றைக்கே கையில் கிடைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வவுச்சர் பாஸாகும் என்றால், ஓய்வூதியம் வாங்குபவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். விடிகாலையில் வெட்டப் போனவர் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வர மதியம் ஆகும். இரண்டு மணி சரியான நேரம்.

பயிற்சி இரண்டு நாள். முதல் நாள் சட்டம், பதிவுச் சான்றிதழைப் படிப்பது, பில்லைப் படிப்பது, ரகசியம் காப்பது. இரண்டாம் நாள் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒத்திகை ஆய்வு. அதன்பின் ஒவ்வொரு நேராய்வுக் குழுவிலும் அதிகாரிகளோடு இரண்டு பார்வையாளர்கள் போகட்டும். சொந்த ஒன்றியத்துக்குப் போகக் கூடாது. மேல்புறத்தார் தோவாளைக்கும், தோவாளையார் முஞ்சிறைக்கும் போகட்டும். நாளை தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதே டாக்டரிடம்தான் போக வேண்டும் என்ற பயத்தோடு யாராலும் உள்ளதைச் சொல்ல முடியாது.

அவர்கள் பார்க்க வேண்டியவை எல்லாம் கண்ணால் கண்டு, விரலால் எண்ணி, தேதி வாசித்துச் சொல்லக்கூடியவை. பதிவுச் சான்றிதழ் வாசலில் இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா. மருத்துவர்களின் பெயர், தகுதி, பதிவு எண் பலகையில் இருக்கிறதா. சான்றிதழில் எத்தனை படுக்கை, உள்ளே எண்ணினால் எத்தனை. அவசரச் சிகிச்சை அறையில் ஆக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது; அதைத் திறக்கும் சாவி சிலிண்டரோடு கட்டியிருக்கிறதா, இல்லை ஸ்டோரில் பூட்டி வைத்து ஸ்டோர்கீப்பர் வீட்டுக்குப் போய்விட்டாரா. சளி உறிஞ்சும் மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னால் ஓடுகிறதா. அவசர மருந்து டிரேயில் காலாவதி தேதி தாண்டிய ஊசி உண்டா. தீயணைப்புக் கருவியின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, கடைசியாக நிரப்பிய தேதிச் சீட்டு தொங்குகிறதா. அவசர வழியில் இரவு பூட்டுப் போடுகிறார்களா. திருட்டுப் பயம், பார்வையாளர் தொல்லை என்று பல இடங்களில் போட்டுவிடுகிறார்கள், தீப்பிடித்தால் அந்த ஒரு பூட்டு போதும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவு பிரிகிறதா, ஊசி முனை அந்தக் குத்து தாங்கும் வெள்ளை டப்பாவுக்குள் விழுகிறதா. பெண்களைப் பரிசோதிக்கும் இடத்தில் திரை உண்டா, ஆண் மருத்துவர் பார்க்கும்போது பெண் ஊழியர் உடன் இருக்கிறாரா. கழிப்பறைக்குச் சக்கர நாற்காலி நுழையுமா.

பார்க்கக் கூடாதவற்றையும் எழுதி வைக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ., பிரசவ அறை ஆகியவற்றுக்குள் போகக் கூடாது. நோயாளியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கேஸ் ஷீட்டைத் தொடக் கூடாது. போன் கேமரா வெளியே வரக் கூடாது. கண்டதை அறிக்கைக்கு வெளியே, வீட்டிலோ டீக்கடையிலோ பேசக் கூடாது. ஒரு முறை மீறினால் நீக்கம்.

பில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்துக் குடும்பங்கள் நகையை அடகு வைப்பதும் நிலத்தை விற்பதும் அந்தத் தாளுக்காகத்தான். அறை வாடகை, டாக்டர் விசிட், நர்சிங் சார்ஜ், லேப், பார்மசி என்று வரி வரியாக வரும். கீழே ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று ஒரே தொகை நிற்கும். கையுறை, சிரிஞ்சு, தையல் நூல், சிறுநீர்க் குழாய் எல்லாம் அதற்குள் அடக்கம். எத்தனை, என்ன விலை என்பது கிடையாது. ஒரு பொருளுக்கு மட்டும் இந்த மறைப்பு உடைந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்டுக்கு உச்சவிலை வைத்தபோது, அதன் விலையைத் தனியாகவும், பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண் ஆகியவற்றோடும் பில்லில் காட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. ஸ்டென்டுக்கு முடிந்தது கையுறைக்கு முடியாதா? ஆய்வின்போது பெயர் மறைத்த மூன்று பில்களை வாங்கிக் கட்டணப் பலகையோடு வரிக்கு வரி ஒப்பிடும் வேலையைப் பார்வையாளர்களிடம் கொடுங்கள். கணக்குத் தெரிந்த எந்த மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினரும் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தவரிடம் தனியாகப் பணம் வாங்கினார்களா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் திட்டத்தில் அங்கீகரித்த சிகிச்சைக்கு நோயாளி கையிலிருந்து கட்ட வேண்டியதே இல்லை.

நோயாளியிடம் கருத்துக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. கட்டிலில் கிடப்பவரிடம், நர்ஸ் பக்கத்தில் நிற்க, ‘கவனிப்பு எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘பரவாயில்ல’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. மறுநாள் காலை ஊசி போடப்போவது அவர்தானே. வீடு திரும்பிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் போனில் கேளுங்கள். அதற்கு முன்னால் வலி ஓய்ந்திராது. அதற்குப் பின்னால் விவரம் மறந்துபோகும். பெண்களிடம் பெண்களே பேசட்டும். திருப்தியா என்று கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். சேர்ந்த எத்தனை நிமிடத்தில் மருத்துவர் பார்த்தார்? ஆபரேஷனுக்கு முன் ஆபத்து என்னவென்று யார் சொன்னார்கள், தமிழில் சொன்னார்களா? கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது? மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கியது யார்? எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று சொன்னார்களா? கட்டிய பணம் எல்லாவற்றுக்கும் ரசீது உண்டா? ஆறு கேள்வி போதும். சிறிய நர்சிங் ஹோமுக்கு 20 பேர், பெரிய மருத்துவமனைக்கு 50 பேர் என்று கேட்டால் போக்கு தெரிந்துவிடும்.

சம்மதப் படிவத்தைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சமீரா கோலி வழக்கில் 2008இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் வேறோர் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது, என்ன செய்யப்போகிறார்கள், ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்று அறிந்து கொடுப்பதே சம்மதம். இரவு இரண்டு மணிக்கு ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்குவது அந்தத் தீர்ப்பின்படி சம்மதமே அல்ல. எழுத்தறிவு 90 சதவீதத்தைத் தாண்டிய மாவட்டம் இது. தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் வாசிக்காதவர் மிகச் சிலரே. டிஸ்சார்ஜ் சம்மரியோடும் தமிழில் அரைப்பக்கம் கட்டாயம் வேண்டும்.

புகார்ப் பாதை இன்று முட்டுச்சந்தில் முடிகிறது. மருத்துவமனைப் புகார்ப் பெட்டியின் சாவி அதே மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனு, புகார் யார்மீதோ அவருடைய விளக்கத்தோடு ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று திரும்பி வருகிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் வந்த தீர்ப்பின்படி, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆக, அரசு மருத்துவமனைக்கு மட்டுமே போகக்கூடிய ஏழைக்கு அந்தக் கதவும் இல்லை. மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்து தோற்றால், 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையை மருத்துவருக்குத் தருகிறது. நோயாளியைப் பற்றி அது பேசவே இல்லை. மாவட்ட அளவில் சரியான புகார் ஏற்பாடு ஏன் தேவை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

எங்கள் யோசனை இது. புகார் எழுத்திலோ போனிலோ வந்த அன்றே எண்ணிட்ட ரசீது. உடனே மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஆவண நகல் மறுப்பு முதல் வகை: 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், இதற்கு விசாரணையே தேவையில்லை, ஒரு போன் போதும். பணம், ரசீது, நடத்தை, சுத்தம் இரண்டாம் வகை: 15 நாள். சிகிச்சைத் தவறு மூன்றாம் வகை: இதை வேறு மாவட்டத்து மருத்துவர் ஒருவரும் இரண்டு பார்வையாளர்களும் சேர்ந்து 60 நாளில் பார்க்க வேண்டும், புகார்தாரரும் மருத்துவரும் தனித்தனியே, முழுமையாகப் பேச வேண்டும், தாய் இறப்பு மறுஆய்வில் செய்வதுபோல. மருத்துவத் தவறா என்பதை மருத்துவர் எழுதட்டும். சொன்னார்களா, கேட்டார்களா, காத்திருக்க வைத்தார்களா என்பதைப் பார்வையாளர்கள் எழுதட்டும். மருந்தின் பக்கவிளைவு என்றால், 2010 முதல் இயங்கும் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம், தமிழிலும் படிவம் உண்டு, 1800 180 3024 என்ற இலவச எண்ணும் உண்டு. இந்தத் தகவல் எந்த மருந்துக்கடைச் சுவரிலும் எங்கள் கண்ணில் படவில்லை. மாவட்டம் முழுவதும் ஒட்டச் சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும்.

எல்லை தாண்டிச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். மார்த்தாண்டத்தில் நெஞ்சுவலி வந்தால் வண்டி கிழக்கே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவதா, மேற்கே திருவனந்தபுரத்துக்குப் போவதா என்று குடும்பமே நின்று முடிவு செய்கிறது. கேரளத்துக்கு 2018ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே நடந்ததற்கு இங்குள்ள இணை இயக்குநரால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் தான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட வழி செய்திருக்கிறது. பணம் கட்டிச் சிகிச்சை பெற்றவர் இரண்டு ஆண்டுக்குள் நாகர்கோவிலிலேயே போடலாம். புகார் மையத்தில் இருப்பவர் இதைச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. புகார் என்ற பெயரில் மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் குலுக்கலும், வேறு ஒன்றியமும், கேமரா தடையும், வாய்ப்பூட்டும் கேட்கிறோம். விசாரணை முடியும்வரை மருத்துவமனையின் பெயர் வெளியே வரக் கூடாது என்பதையும் நாங்களே கேட்கிறோம். மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைத் தடுக்க 2008இலேயே தமிழ்நாட்டில் கடுமையான சட்டம் வந்தது; அது வேண்டும். ஆனால் சாவு நடந்த இரவில் ‘என்ன நடந்தது?’ என்ற கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஒருவர் இருந்தால், வாசலில் கூட்டம் கூடுவது குறையும். குலசேகரத்திலும் பூதப்பாண்டியிலும் பத்துக் கட்டிலோடு ஓடும் சிறிய நர்சிங் ஹோம்களை இழுத்து மூட வைப்பது எங்கள் நோக்கம் அல்ல. அவை மூடினால் இரவில் பிரசவ வலி வந்தவர் இன்னும் தூரம் போக வேண்டும். குறை கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, 90 நாள் அவகாசம் தந்து, மறுபடி பாருங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் அவகாசம் வேண்டாம்.

பார்வையாளர் அறிக்கையின் ஒவ்வொரு பரிந்துரைக்கும் ‘ஏற்கிறோம்’, ‘பகுதி ஏற்கிறோம்’, ‘ஏற்கவில்லை, காரணம் இது’ என்ற மூன்றில் ஒன்றை எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாவட்ட இணையதளத்தில் தமிழில் போடுங்கள். எத்தனை புகார் வந்தது, எந்த வகை, எத்தனை நாளில் முடிந்தது என்ற அட்டவணையும் வேண்டும். பதில் வராது என்று தெரிந்தால் மூன்றாவது கூட்டத்துக்கு நல்ல உறுப்பினர் யாரும் வரமாட்டார். இந்த மாதிரிக் குழுக்கள் எல்லா ஊரிலும் செத்தது அப்படித்தான்.

இதற்குச் சட்டத் திருத்தம் வரக் காத்திருக்கத் தேவையில்லை. ஆய்வுக்கு உதவியாளர்களை அழைத்துப் போவதும், புகாருக்கு ரசீதும் கால வரம்பும் வைப்பதும், அறிக்கையை வெளியிடுவதும் ஆட்சியரும் இணை இயக்குநரும் சேர்ந்து ஒரு செயல்முறை ஆணையால் செய்யக்கூடியவை. முதலில் இரண்டு ஒன்றியங்களில், ஒன்று கடற்கரையில், ஒன்று மலைப்பக்கத்தில், ராஜாக்கமங்கலத்திலும் திருவட்டாரிலும் என்று வைத்துக்கொள்ளலாம், ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். தனியாரோடு அரசு மருத்துவமனைகளையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். பார்வையாளர் அறிவிப்பை வரும் நவம்பர் 1 கிராம சபையில் வாசித்தால், ஜனவரி 26 கிராம சபைக்குள் குலுக்கலும் பயிற்சியும் முடிந்துவிடும்.

இந்த மடலுக்கு எழுத்துப்பூர்வமான பதில் எதிர்பார்க்கிறோம். ஏற்க முடியாத பகுதி இருந்தால், எது, எந்த விதியின்படி முடியாது என்று குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறோம். ஆய்வுப் பட்டியல், போன் கேள்விகள், புகார் ரசீதின் மாதிரி ஆகியவற்றைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறோம். எந்த நாள் அழைத்தாலும் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்ட நோயாளிகள், பராமரிப்பாளர்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள், மருந்தாளுநர்கள்

நகல்: மாவட்டத்திலுள்ள மருத்துவர் சங்கங்கள், ஊராட்சித் தலைவர்கள், நோயாளர் நலச் சங்கங்கள்